ஆறு சும்மா தொட்டிகள்

பூங்காவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பெஞ்சில் உட்கார்ந்து விவாதிக்கிற என் வயதுக்காரர்களே, அந்தப் பேச்சு ஆரம்பித்ததும் நான் மட்டும் எழுந்து ஓரமாகப் போய்விடுவதைக் கவனித்திருப்பீர்கள். எனக்கு முட்டி வலிக்காது என்று நினைத்துப் பொறாமைப்பட வேண்டாம். உங்களைவிட அதிகமாகவே வலிக்கிறது. ஆனால் யூகலிப்டஸ் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பத்து வயதில் ஆரம்பித்தது, ஐம்பத்து நாலு ஆகியும் நிற்கவில்லை. டாக்டர் அலர்ஜி என்றார். நான் மறுக்கவில்லை. ‘டாக்டர், இது குற்றவாளியின் வயிறு’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

அப்பா கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அந்த வருஷம் மார்கழியில் அவரை ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டது. செடிக்கு நோய் வந்தால் கடையில் விற்கிற மருந்தை அடிக்கிறார்கள். அடிக்கிறவன் கை வெந்துபோகிறது, மண் கெட்டுப்போகிறது. காட்டில் நிற்கிற செடிக்கு யார் மருந்து அடிக்கிறார்கள்? அது தன் இலையிலும் கொட்டையிலும் எதையோ தானே சுரந்து வைத்துக்கொண்டு பிழைத்துக் கிடக்கிறது. அந்தச் சரக்கை எடுத்து நம் செடிக்குக் கொடுத்தால் என்ன? சாதத்தைப் பிசைந்தபடி இதை அவர் கண்ணை மூடிக்கொண்டு விளக்குவார். முடிந்ததும் அம்மா, “மோர் விடட்டுமா?” என்பாள்.

அவர் கண்டுபிடித்த கலவை மூன்று சாமான்: வேப்பங்கொட்டை, நொச்சி இலை, பூண்டு. முதல் இரண்டில் தகராறு இல்லை. மூன்றாவதில்தான் என் வாழ்க்கை தடம் புரண்டது. எங்கள் மயிலாப்பூர் வீட்டு வாசற்படியைப் பூண்டு அதுவரை தாண்டியதே இல்லை.

“மாடியோட இருக்கட்டும்,” என்றாள் அம்மா. “அதை அரைச்ச அம்மியைக் கீழ கொண்டுவந்தேள்னா நான் திருச்சிக்கு ரயில் ஏறிடுவேன்.”

அப்படியாக விஞ்ஞானம் மொட்டை மாடிக்கு நாடு கடத்தப்பட்டது. ஆனால் பூண்டை யார் உரிப்பது? அப்பா ஒரு முழுப் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாடத்தில் இல்லாத கேள்வியைப் பார்த்த மாணவன்போல முழித்தார். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை அவருக்கு.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பையன் வந்தான்.

தெற்கேயிருந்து வந்த குடும்பம். தி.நகரில் அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. அவன் என் வகுப்பு, என் வயது, என்னைவிட ஓர் அங்குலம் உயரம். அந்த ஓர் அங்குலத்துக்கே அவன்மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு பாக்கி இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, எவர்சில்வர் கிண்ணம் நிறைய உரித்த பூண்டோடு மாடிப்படி ஏறி வந்தான்.

“மாமா, அம்மா உரிச்சே குடுத்து விட்டா. இன்னும் வேணும்னா கேக்கச் சொன்னா.”

அப்பா அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். “உக்காருடா கண்ணா,” என்றார்.

கண்ணாவா! பத்து வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கிறேன். எனக்கு ‘ஏய்’ என்பதைத் தாண்டிப் பட்டம் எதுவும் கொடுக்கப்படவில்லை. நாலு பல் பூண்டுக்கு ஒருவன் கண்ணா ஆகிவிட முடியும் என்றால், பூண்டு நுழையாத வீட்டில் பிறந்தது என் குற்றமா?

அதற்கப்புறம் தினமும் வந்தான். அவன் கையெழுத்து அச்சில் வார்த்ததுபோல இருந்தது. அப்பா அவனிடம் ஒரு நீள நோட்டைக் கொடுத்து, “என்ன பாத்தாலும் எழுது. பாக்காததை எழுதாதே,” என்றார். என்னைப் பார்த்து, “அவன் கையெழுத்தைப் பாரு,” என்றார். பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த ‘ழ’ தெரிகிறது.

பன்னிரண்டு மண்தொட்டியில் பூசணி போட்டோம். கன்று வந்து, அடியில் கொஞ்சம் புல்லும் முளைத்து, இலை விரிந்ததும், அடையாற்றங்கரைத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்பா நோய் பிடித்த இலை ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். விபூதி பூசினாற்போல் வெள்ளைப் பொடி படர்ந்த இலை. சாம்பல் நோய் என்று பெயர். அதைப் பன்னிரண்டு தொட்டியின் மேலும் சமமாகத் தட்டினார். பிறகு வேலை பிரித்தார்.

“இந்த ஆறும் மருந்துத் தொட்டி. நான் பாத்துக்கறேன். அந்த ஆறும் சும்மா தொட்டி. அதுக்கு வெறும் தண்ணி மட்டுந்தான். அதை இவன் பாத்துப்பான்.”

“எனக்கு?” என்றேன்.

அப்பா மாடியைச் சுற்றிப் பார்த்தார். “நீ காக்கா ஓட்டு.”

எனக்குப் புரிந்த விஞ்ஞானம் இவ்வளவுதான்: அப்பாவுக்கு ஆறு, அவனுக்கு ஆறு, எனக்குக் காக்காய். மருந்து போட்டதையும் போடாததையும் ஒப்பிடத்தான் சும்மா தொட்டி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவை எதிர்வீட்டானுடைய சொந்தச் செடிகள், அப்பா அவனுக்குப் பரிசாகக் கொடுத்தவை என்று முடிவு கட்டிவிட்டேன். மூங்கில் கழியில் ஒரு கிழிந்த பனியனைக் கட்டிக்கொண்டு, சுவரோரம் நின்று பொருமினேன். அவன் குனிந்து ஒவ்வோர் இலையாகப் பார்ப்பான். அப்பாவின் பூதக்கண்ணாடி அவன் கையில் இருக்கும். பித்தளை வளையம் போட்ட கண்ணாடி அது. பிடியில் அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் ஒன்று உண்டு. அஞ்சாம் வகுப்பு முடித்தால் எனக்கு என்று சொல்லியிருந்தார். அந்தப் பள்ளத்தில் அவன் கட்டைவிரல் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

நொச்சி பறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கிண்டிப் பக்கம் கூட்டிப்போனார். வழியில் தைல மரங்கள், அதாவது யூகலிப்டஸ், வரிசையாக நின்றன. அப்பா நின்றுவிட்டார்.

“கீழ பாருங்கோடா. ஒரு புல் இருக்கா?”

இல்லை. காய்ந்த இலையும் வெறும் மண்ணும்.

“இது பொறாமைக்கார மரம். பக்கத்துல யாரையும் வளர விடாது. இலையிலேர்ந்து ஒரு சரக்கு மண்ணுல இறங்கும். விழுந்த விதை முளைக்காது, முளைச்சது தேறாது.”

எதிர்வீட்டான் நோட்டை எடுத்து எழுதினான். நான் எழுதவில்லை. அண்ணாந்து அந்த மரத்தைப் பார்த்தேன். என்னைப் புரிந்துகொள்ள இந்த ஊரில் ஒருவராவது இருக்கிறார் என்று தோன்றியது.

அம்மாவுக்கு வேது பிடிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பை நிறைய இலை திரட்டினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஓட்டை அடைத்த பழைய தவலை ஒன்று கிடந்தது. அதில் இலையைக் கசக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு, பலகையால் மூடினேன். எட்டு நாள் ஊறியது. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்து, அப்புறம் கறுத்தது. தினமும் திறந்து கிளறியதில் வாசனை என் கையில், தலையில், சட்டையில் எல்லாம் ஏறிவிட்டது.

“யாருக்குடா ஜலதோஷம்?” என்று மோப்பம் பிடித்தாள் அம்மா. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குற்றம் செய்பவனின் நெற்றி சுடும் போலிருக்கிறது. காலையும் மாலையும் மிளகுக் கஷாயம் என்று தீர்ப்பானது. எட்டு நாள் குடித்தேன். ஒரு சதிகாரன் தன் சதிக்காக இவ்வளவு காரம் தின்றிருக்கிறானா என்று தெரியவில்லை.

எதிர்வீட்டான் சாயங்காலம் டியூஷனுக்குப் போகும் நேரம், அப்பா கல்லூரியிலிருந்து வரும் முன்பு, மூன்று நாள் ஊற்றினேன். ஆறு தொட்டிக்கும் பாரபட்சம் இல்லாமல் ஊற்றினேன். பாதி என் காலில் விழுந்தது.

நாலாம் நாள் இலை ஓரம் கருகியது. ஆறாம் நாள் கன்றுகள் எல்லாம் தலை சாய்ந்தன. எதிர்வீட்டான் தொட்டிகளின் முன் குந்தியபடி, அழுகிறான் என்று தெரியாமலிருக்க மூக்கை உறிஞ்சினான். நான் கழியை ஊன்றிக்கொண்டு நின்றேன். இந்த நிமிஷத்துக்காகத்தானே எட்டு நாள் கஷாயம்!

அப்பா மாடியேறி வந்தார். செத்த ஆறையும் பார்த்தார். தன்னுடைய ஆறையும் பார்த்தார். அதில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி இருந்தாலும் செடி நிமிர்ந்து நின்றது. எதிர்வீட்டானை அப்படியே தூக்கிவிட்டார்.

“ஜெயிச்சுட்டோம்டா கண்ணா! மருந்து இல்லாதது போயிடுத்து, மருந்து போட்டது நிக்கறது! இதைவிட என்ன வேணும்?”

அந்த இடத்திலேயே பூதக்கண்ணாடியை அவன் கையில் வைத்து, “இனிமே இது உன்னோடது,” என்றார்.

யோசித்துப் பாருங்கள். உலகத்தில் வேறு எவனாவது தன் எதிரிக்குப் பரிசு வாங்கிக் கொடுக்க இப்படித் தவலை வைத்து உழைத்திருப்பானா?

சாம்பல் நோய் இவ்வளவு சீக்கிரம் செடியைக் கொல்லாது. அதை வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். ஆனால் வெற்றி வந்து வாசலில் நிற்கும்போது அதனிடம் யார் அடையாளச் சீட்டு கேட்கிறார்கள்? எதிர்வீட்டான் மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதியிருந்தான்: ‘சும்மா தொட்டியில் புல்லும் செத்தது. மண்ணில் தைல வாசனை.’ அப்பா அதைச் சிவப்பு மையால் அடித்தார். “செடியைப் பாருடா. புல்லை யார் கேட்டா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லூரி முதல்வரும் துறைத் தலைவரும் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. தொட்டிகளைப் பார்த்துத் திருப்தி என்றால், கல்லூரிக்குப் பின்னால் கிடக்கிற நிலத்தில் அப்பா தன் மருந்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கலாம். அப்பா அந்த வாரம் முழுக்க விசில் அடித்தார். அவர் விசில் அடித்து நான் கேட்டது அந்த ஒரு வாரம்தான்.

அப்போதுதான் சும்மா தொட்டி எதற்கென்று எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் அவர் விளக்கியதை ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொண்டேன். உடனே வயிறு கலக்க ஆரம்பித்தது. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவர் முன்னால் போய் நின்றேன். முதல் தடவை, “தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்கறது,” என்றார். இரண்டாம் தடவை, “ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கோ,” என்றார். மூன்றாம் தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து கழிவறைக்கு ஓடினேன். அந்த வாரம் நான் வாழ்ந்ததே அங்கேதான். அம்மா கஷாயத்தை மாற்றி ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

ஞாயிறு வந்தது. முதல்வர், துறைத் தலைவர், அம்மாவின் காபி எல்லாம் மாடிக்கு ஏறின. அப்பா விளக்கினார். முதல்வர் தலையாட்டினார். போகிற போக்கில் எதிர்வீட்டானின் கன்னத்தைத் தட்டி, “நீ என்னப்பா கவனிச்சே?” என்று கேட்டார்.

அவன் நோட்டைத் திறந்து முதல் நாளிலிருந்து படித்தான். சிவப்பு மை அடித்த வரியையும் படித்தான். எழுதியிருந்தது, படித்தான், அவ்வளவுதான்.

துறைத் தலைவர் காபி டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். “பூசணி நோய் புல்லுக்கு எப்படி சார் வரும்?”

துறைத் தலைவர் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முகர்ந்தார். பிறகு அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அன்று தெரியவில்லை.

“காபி ரொம்ப நன்னா இருந்தது,” என்றார் முதல்வர். இறங்கிப் போனார்கள்.

அப்பா எதிர்வீட்டானிடம் திரும்பினார். அதட்டாமல், மெதுவாகத்தான் கேட்டார். “நீ எந்த வாளியிலடா தண்ணி எடுத்தே?”

எதிர்வீட்டான் அப்பாவை ஏறிட்டுப் பார்த்தான். பூதக்கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தான். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குப் பூண்டு வரவில்லை.

இத்தனையும் நடக்கும்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று ஒரு காக்காய்கூட வரவில்லை.

நிலம் கிடைக்கவில்லை. அப்பா மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மீதியிருந்த ஆறு பூசணியும் தண்ணீரில்லாமல் காய்ந்தன. அடுத்த மார்கழிக் கோலத்துக்கு வீட்டுப் பூசணிப்பூ என்று நினைத்திருந்த அம்மா, பழையபடி பூக்காரியிடம் வாங்கினாள். எதிர்வீட்டுக் குடும்பம் தி.நகருக்கே குடிபோனது. பூதக்கண்ணாடி எனக்கு வந்தது. அதை வைத்துக் காகிதம் கொளுத்தினேன். ஒரே மாதத்தில் சைதாப்பேட்டை பஸ்ஸில் தொலைத்தேன். அப்பா அது எங்கே என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி, போன மாதம். எங்கள் மாடித் தக்காளியில் பூஞ்சை. அடையாறில் ஒரு சின்ன அரங்கில் இலை மருந்துகள் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்று மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் எதிர்வீட்டுப் பையன்.

முதலில் அவன் தலையைத்தான் பார்த்தேன். முடி அத்தனையும் அப்படியே இருக்கிறது! நரைதான், ஆனால் இருக்கிறது. விவசாய விஞ்ஞானியாம். நோய்க்கு வேம்பும் பூண்டும், களைக்குத் தைல இலை என்று அழகாகப் பேசினான்.

“இலைதானே, சாதுன்னு நினைச்சிராதீங்க. அளவு மீறினா களையோட பயிரும் போயிரும். சின்னப்பிள்ளையில மயிலாப்பூர்ல ஒரு மொட்டை மாடியில, பூசணியும் புல்லும் ஒண்ணாச் சாகுறதைப் பாத்தேன். என்னைய இந்த வழிக்கு இழுத்ததே அந்த ஆறு தொட்டிதான்.”

கைதட்டினார்கள். அது என் தவலை! என் இலை! எட்டு நாள் கஷாயம் குடித்தவன் நான், கைதட்டு அவனுக்கா?

“எங்க போறேள்? உக்காருங்கோ,” என்று மனைவி சட்டையைப் பிடித்தாள். பிடியை உதறிவிட்டுப் போனேன். மனசாட்சி உறுத்தி என்று எழுதத்தான் ஆசை. உங்களிடம் எதற்குப் பொய்? பங்கு கேட்கப் போனேன்.

தேநீர்க் கோப்பையோடு நின்றவனிடம், “எதிர்வீடுடா!” என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவன் முகம் மலரும் முன்பே, “அந்த ஆறு தொட்டி... ஊத்தினது நான். நானேதான்!” என்று பதக்கத்துக்கு நிற்பவன்போல நெஞ்சை நிமிர்த்தினேன்.

“நீயா?”

“தவலையில ஊறவெச்சேன். எட்டு நாள்.”

அவன் கோப்பையை மேஜையில் வைத்தான். தேநீர் தளும்பியது.

“நான் உங்கப்பான்னுல்லா நினைச்சேன்.”

“என்னது?”

“மருந்து ஜெயிக்கணும்னு மாமாவே சும்மா தொட்டியில ஊத்திட்டாருன்னு நினைச்சேன்லே. அந்தப் பெரியவரும் மண்ணை மோந்துட்டு மாமாவை அப்படித்தானே பாத்தாரு? மாட்டிக்கிட்டதும் எந்த வாளின்னு கேட்டு என் தலையில கட்டப் பாக்காருன்னு... நாப்பத்தி நாலு வருஷம்லே. பாக்காததை எழுதாதேன்னு சொன்ன மனுஷனா இப்படின்னு, நினைச்சு நினைச்சு...”

துறைத் தலைவரின் பார்வைக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பாவிடமிருந்து அவனைப் பிரிக்கத்தான் நான் ஆசைப்பட்டேன். நினைத்ததைவிடச் சுத்தமாகச் செய்து முடித்திருக்கிறேன்.

“மாமா இருக்காரா?” என்றான்.

“இருக்கார். எண்பத்தாறு.”

மனைவி தோழியோடு வருவதாகச் சொல்ல, நாங்கள் இருவரும் ஆட்டோவில் ஏறினோம். ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்தபடி வந்தோம். பாதி வழியில் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “இன்னா நைனா, சொத்துத் தகராறா?” என்றார்.

“ஆமாம்பா,” என்றேன். பொய்யில்லை.

அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். எதிர்வீட்டான் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தான். “மாமா, நான் எதிர்வீட்டு...”

அப்பா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பூண்டா?” என்றார். பிறகு அவன் தலைமேல் கை வைத்தார். “தண்ணி வாளியைத் தவறா எடுத்துட்டே. போனாப் போறது. சின்னக் குழந்தை. அதுக்காக ஆத்துக்கே வராம இருப்பாளோடா?”

எதிர்வீட்டான் மறுக்கவில்லை. தலை குனிந்துகொண்டான். மேல்கொண்டு ஒரு வார்த்தை சொல்லமாட்டான் என்று தெரிந்தது. அன்றும் அவன் அப்படித்தான். வயிறு கலக்க ஆரம்பித்தது. கழிவறை பத்தடியில் இருந்தது. போகவில்லை.

“அப்பா, அவன் இல்லை. நான்.”

“என்ன நீ?”

“தைல இலைத் தண்ணி. சும்மா தொட்டியில ஊத்தினது நான்தான்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

“எவ்வளவு இலை?”

“ஒரு... ஒரு பை.”

“பைன்னா? எத்தனை தண்ணிக்கு?”

“தவலைக்கு. அளக்கலை அப்பா.”

“அளக்கலை!” என்று நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். நாற்பத்து நாலு வருஷத்துக் கோபம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. “ஆறு செடியையும் புல்லையும் சேத்துக் கொன்னிருக்கான், அளவு தெரியாதாம்!” பிறகு எதிர்வீட்டானிடம் குனிந்தார். “நீ எழுதிக்கோடா கண்ணா. எட்டு நாளா ஊறித்து? எத்தனை தரம் ஊத்தினான்னு கேளு.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். மேஜைமேல் கிடந்த காலண்டர் தாளைத் திருப்பி எழுதினான். எட்டிப் பார்த்தேன். கையெழுத்து கொஞ்சம்கூட மாறவில்லை. அதே ‘ழ’.

சமையலறை ஜன்னலில் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. யாரும் சொல்லாமலே எழுந்து போனேன்.